ஒன்றும் செய்யாது

குட்டாய்சி நகரத்தில் எரிவாயு மீட்டர் பார்ப்பவள் நான்.
மாதம் நானூற்றுப் பன்னிரண்டு வாசல்கள்.
வாசலுக்கு வாசல் பூட்டு வேறு, மணி வேறு,
உள்ளிருந்து வரும் சொல் மட்டும் ஒன்றுதான்:
"வா, வா, ஒன்றும் செய்யாது."

அவ்தாந்தில் அதைச் சொல்வது மாடியிலிருந்து,
கையில் காப்பிக் கோப்பையோடு.
கீழே, எனக்கும் மீட்டருக்கும் நடுவே
கன்றுக்குட்டி அளவில் நிற்கிறது போம்போரா.
சங்கிலி இருக்கிறது;
திராட்சைப் பந்தலில் தொங்குகிறது.
"பெயர் சொல்லிக் கூப்பிடு, போதும்" என்கிறான்.
என் பெயர் அவனுக்குத் தெரியாது.
ஆறு வருடமாக நான் "கேஸ்".

ஒன்பதாம் எண் கட்டடத்தின் படிக்கட்டடியில்
கோழிக்கழுத்தும் பார்லியும் வேகவைத்து
தெருநாய்கள் ஏழுக்கும் ஏழு தட்டு வைக்கிறாள் சியாலா.
ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் வில்லை:
ஊசி போட்டாயிற்று, கருத்தடை ஆயிற்று,
நகராட்சி கையெழுத்திட்ட நல்ல பிள்ளைகள்.
"மனிதர்களுக்கு இப்படி மாட்டினால்
எத்தனை பேருக்கு மஞ்சள் கிடைக்கும், சொல்?" என்பாள்.
நானும் சிரிப்பேன். அவளோடு சிரிப்பது எளிது.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி இங்கா
மகன் சாபாவை ஆற்றோரமாகச் சுற்றிப் பள்ளிக்கு நடத்துகிறாள்.
நேர்வழி ஐந்து நிமிடம். இது பதினேழு.
மழையிலும் பதினேழு.
ஒருநாள் சியாலாவின் தட்டுகளை
அவள் காலால் தள்ளிவிட்டதைப் பார்த்தேன்.
தள்ளிவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்து,
ஒன்றை மட்டும் நிமிர்த்திவைத்துவிட்டுப் போனாள்.
யாரிடமும் நான் சொல்லவில்லை.

எனக்கு நடந்தது நவம்பரில்,
டயர் கடைக்குப் பின்னால்.
குரைக்கவில்லை. அதுதான்.
குரைத்திருந்தால் ஒரு நொடி கிடைத்திருக்கும்.
இடது கெண்டைக்காலில் நான்கு பல்,
நான்கு வாரத்தில் ஐந்து ஊசி.
மருந்துக்கடைக்காரி கேட்டாள், டயர் கடை கோச்சா கேட்டான்,
அக்கா திபிலீசியிலிருந்து ஃபோன் போட்டுக் கேட்டாள்:
"நீ அதை என்ன செய்தாய்?"
பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.
அவ்வளவுதான் செய்தேன்.

அந்த நாயின் காதிலும் மஞ்சள் இருந்தது.
இதைச் சொன்னபோது சியாலா
அகப்பையை வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்: "எந்தப் பக்கக் காது?"
மறந்துவிட்டது என்றேன்.
மறக்கவில்லை.

பிப்ரவரியில், பனி இளகிய ஒரு காலை,
பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆளில்லாத சந்து.
எதிரே ஒன்று. வெளிர்பழுப்பு. வில்லை இல்லை.
நான் நின்றேன். அதுவும் நின்றது.
ஆறிப்போன தழும்பு தனியாகக் குளிர்ந்தது.
பூட்ஸ் கயிறு அவிழ்ந்து சேற்றில் கிடந்தது;
ஓடவேண்டி வந்தால் தடுக்குமே என்று
குனிந்தேன்.

குனிந்ததுதான் தாமதம்,
அடி விழுந்ததுபோல் வீலென்று கத்தி,
வால் வயிற்றுக்குள் போக,
பின்னங்கால்கள் சறுக்க,
சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.
கல்லில்லாத என் கையையே பார்த்தது.

யார் யார் குனிந்தார்களோ அதன் முன்னால்,
எத்தனை குளிர்காலமோ.

மாடியிலிருந்து எங்கள் இருவருக்காகவும் சொல்ல
அந்தச் சந்தில் ஒருவருமில்லை.
விரல்களை விரித்துக் காட்டினேன்.
"ஒன்றும் செய்ய மாட்டேன்" என்றேன்.
அந்தச் சொல்லை நான் எவ்வளவு நம்புவேனோ
அவ்வளவே அதுவும் நம்பியது.

நான் இடது சுவரோரம், அது வலது சுவரோரம்,
கண்ணெடுக்காமல் கடந்தோம்.
கயிறு கட்டவே இல்லை.
பதினான்காம் எண் வீட்டின் மீட்டர் எண்ணை அன்று
வலமிடமாக மாற்றி எழுதியிருக்கிறேன்;
மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள்.