கூவிளந்தண்பூ

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
மெக்ஃபிலிப்ஸ் தெரு சூப்பர் மார்க்கெட்டில்
இறைச்சி அறையின் குளிர் செத்துப்போயிருந்தது.
உதிரி பாகம் கேட்டு
கிடங்குக்குப் போன் போட்டேன்.
எந்தப் பிரிவு என்றாள் ஒருத்தி.
ரெஃப்ரிஜரேஷன் என்றேன்.
ரெஜிஸ்ட்ரேஷனா, இருங்கள் என்று
வேறொரு லைனில் தள்ளிவிட்டாள்.
அங்கே யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லா எழுத்தையும் ஒரே எடையில் வைக்கிறாய்
என்றான் ரோடெல்.
இலோய்லோவிலிருந்து வந்தவன்,
இதே சொல்லில் தடுக்கி விழுந்தவன்.
முட்டைப் பெட்டியைக் கிழித்து
மார்க்கரால் கோடு கோடாய் வெட்டினான்.
ரீ என்றால் மறுபடி. ஃப்ரிஜ் என்றால் குளிர்.
மிச்சமெல்லாம் வால்.

மறுபடி குளிராக்குவது.
ஏற்றுமேடையில் நின்றால் மூக்குமயிர் உறைகிற ஊரில்
யார் கேட்டார்கள் மறுபடி?

குளிரில் அழுத்து என்றான். அழுத்தினேன்.
பியானோவிலிருந்து திரும்பியவள்
மன்னிக்கவும் என்றாள். மறுபடி பியானோ.

பெட்டியைச் சொல்லும்போதுதான் குளிரில் அழுத்தம்.
வேலையைச் சொன்னால், வால் மாறியதும்,
அழுத்தம் கிளம்பிப் போய்விடுகிறது
ரே-யில் ஒளிந்திருக்கும் ஏ-க்கு.
தனியாய் ஒரு பொருளும் இல்லாத ஏ.
வெறும் ஒட்டு.

அழுத்தம் என்றால் நான் அறிந்தது
நீலக் குழாய், சிவப்புக் குழாய், நடுங்கும் முள்.
இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பது
அப்போதுதான் உறைத்தது.
செம்புக் குழாய் நடுவில் ஒழுகியதை நான் அதிகம் பார்த்ததில்லை.
பற்றவைத்த இடத்தில்தான்
சோப்பு நுரை கொப்புளம் விடும்.

பியானோ நிற்கவில்லை.
கையுறைக்குள் விரல் தானாக
பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல் அலகிட்டது.
ரெஃப் / ரிஜ / ரே / ஷன்
நேர் நிரை நேர் நேர்
கூவிளந்தண்பூ.
பரீட்சைக்குக்கூட வராத நாலசைச் சீர்.
தண்பூ.
குளிர்ந்த பூ.
ரோடெலிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது,
எங்கள் பழைய இலக்கணத்தில்
நம் வேலைக்கு ஒரு பூ இருக்கிறதென்று.

மூன்றாம் முறை ரே-யில் ஏறி நின்றேன்.
ஓ, ரெஃப்ரிஜ-ரே-ஷன்! என்றாள்,
தானே கண்டுபிடித்தவள் மாதிரி.
உங்கள் பெயர்?
தமயந்தி. (அலகிட்டால் புளிமாங்காய்.)
டா-வில் அழுத்திப் பார்த்தாள், மா-வில் பார்த்தாள்,
யான்-இல் மூச்சு வாங்கினாள்.
எங்கேயும் அழுத்த வேண்டாம் என்றேன்,
சும்மா போகவிடுங்கள்.
டாமா என்று எழுதிக்கொண்டாள்.

பாகம் செவ்வாய்க்கிழமைதான் வருமாம்.
அதுவரை இறைச்சியை
வெளியே வைத்துவிடலாமே
என்றான் ரோடெல்.