ஆறு புள்ளிகள்

பலகைக்குக் கீழே, தரையில்,
இரண்டு செங்கல் இடுக்கில்
ஓர் ஆணியை நிறுத்தினேன்.
எழுத்துகள் எல்லாம் பின்வாங்கிப்
போய்ச் சேர வேண்டிய இடம் அது.
ஆணியில் நூல். நூலில் நீலப்பொடி.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்,
பாடி கட்டும் பட்டறை.
வண்டி இன்னும் பிரைமர் சாம்பலில் நிற்கிறது.
பொங்கியண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.
"ஆயிரத்தி எரநூறு அடி போடற ரிக்கு அம்மிணி.
எழுத்தும் அந்த ஆழத்துக்கு இருக்கோணும்."
நாலு அங்குலம் தருகிறேன் என்றேன்.
"நாலு போதுமா?"
நாலுக்கே அடிக்கு முன்னூறு.

இங்கிலீஷ் எச்சுக்குப் பன்னிரண்டு மூலை.
மூலைக்கு மூலை நூல் இழுத்தால்
பெட்டி தானாக எழுந்துகொள்ளும்.
பொன்காளியம்மனில் 'ளி' இருக்கிறதே,
அதற்கு எங்கே மூலை?
நூல் வழுக்கிக்கொண்டே போகிறது.
வளைவு நூலைத் தொட்டு
உடனே விலகும் ஒரே இடத்தில்
சாக்பீஸ் கீறல்.
கீறலுக்கு அப்பால் அதன் முதுகு.
'ளி' ஒன்றுக்கே அரைநாள்.
அன்று ராத்திரி கண்ணை மூடினால்
முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

பொழுது இடது மேல்பக்கம்,
இது நான் வைத்த சட்டம்.
மத்தியானத்துக்கு மேல் நிஜப் பொழுது
வலப்பக்கம் வந்து நின்று பார்த்தது.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
முகம் மஞ்சள். மேல் விளிம்பில் முடியளவு வெள்ளை.
அடிவயிற்றில் சிவப்போடு கறுப்பைக் குழைத்து
வளைவு உள்ளே திரும்பத் திரும்பக் கறுப்பைக் கூட்டி.
ஆணிக்கு இடப்பக்க எழுத்துகளுக்கு
வலக்கன்னம் தெரியும், இருட்டு.
வலப்பக்க எழுத்துகளுக்கு இடக்கன்னம், வெளிச்சம்.
ஒரே பேர், பாதி இருட்டு, பாதி வெளிச்சம்.
பாதிப் பாதியாகச் சாமி மலைமேல் நிற்கிற ஊர்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிச்சம் புள்ளிகள்.
பொன்காளியம்மனுக்கு மூன்று, போர்வெல்ஸுக்கு மூன்று.
வட்டம் போட்டு நூல் பிடித்தால்
மாத்திரை டப்பி மூடி மாதிரி ஆறு.
பார்க்கச் சகிக்கவில்லை.
துணியில் டர்பன்டைன் நனைத்து ஆறையும் துடைத்தேன்.
எழுத்தெல்லாம் வெளியே வந்து நிற்கட்டும்,
புள்ளி மட்டும் உள்ளே போகட்டும்.
குழிக்கு வெளிச்சம் தலைகீழ்:
பொழுது நிற்கிற பக்கத்துச் சுவர் இருளும்,
எதிர்ச்சுவரில் நகக்கண் அளவு பிறை.
நடுவில் சுத்தக் கறுப்பு.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார்.
"புள்ளிக்குத் தனிக்காசு இல்லையே?"

கம்ப்ரசர் வண்டி முன்னே, ரிக் பின்னே
விடிவதற்குள் கிளம்பிவிட்டன.
ஆணி அங்கேயே நின்றது.
எட்டு மணிக்கு ஒரு டேங்கர் லாரி
ரிவர்ஸ் வந்து செங்கல்லை நொறுக்கியது.

மாசிக் கடைசியில் சத்தீஸ்கரிலிருந்து போன்.
"தொள்ளாயிரம் போயாச்சு அம்மிணி, வெறும் புகை.
வண்டியே கல்மாவு பூசினாப்ல கெடக்குது.
உன்ற எழுத்து தட்டையாப் போச்சு.
பையன் ஈரத்துணி போட்டுத் தொடைச்சான்,
பொறகுதான் எந்திரிச்சு நின்னுது."
கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
"அப்பறம் கேளு. ஊர்ப்பசங்க நாலஞ்சு பேரு,
தமிழ்ல ஒரெழுத்துத் தெரியாது,
அதுல ஒருத்தன் புள்ளிக்குள்ள
வெரல உட்டுப் பாக்கறான்."

"உட்டு?"

"தகரத்துல முட்டுச்சு.
மறுக்கா உட்டான்."

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.
"அப்பப் பொழுது எந்தப் பக்கமுங்க நின்னுது?"

"என்னது?"

"பொழுதுங்க! எடது பக்கமா, வலது பக்கமா?"

"பொழுதா," என்றார்.
போனைத் தள்ளிப் பிடித்து
மேலே பார்க்கிறார் போல.
"இந்தத் தூசில
எங்க அம்மிணி தெரியுது."