ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

என் சலவைக் கடையின் கழிப்பறைக் கதவுக்குத்
தாழ்ப்பாள் கிடையாது.
கழற்றியது நான்தான். போன பிப்ரவரியில்,
கனாவா ஆற்றில் பனிப்பாளம் மிதந்த வாரம்.
திருகாணி இருந்த நான்கு துளைகளையும்
பற்பசை வைத்து அடைத்தேன்.
அன்று உள்ளே இருந்தது யார் என்று
சொல்லப்போவதில்லை.

கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்க மாட்டேன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுவேன்.
ஏதாவது சொல். திட்டினாலும் சரி.
இப்படிக்கு, வெர்லீன்.

திட்டுவார்கள்.
சிவப்புத் தொப்பிக்காரி இருமுவாள்; இருமல்தான் அவள் கையெழுத்து.
டுவைட் கோகர் மட்டும்
தான் இறங்கிய சுரங்கங்களைச் சொல்வான்,
தட்டுக்கு ஒன்றாக.
"எட்டாம் எண்."
"கரடிப்பள்ளம்."
அவன் முதுகெலும்பில் மூன்று திருகாணி.
மருத்துவர் எழுதிக்கொடுத்ததில் தொடங்கியது.
அவர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்,
வலி நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை
மூன்றாவது தட்டுக்குச் சுரங்கம் வரவில்லை.

குறட்டை என்றுதான் நினைப்பீர்கள்.
அல்ல.
உதட்டில் நாவற்பழம் தின்ற நிறம்.
ஏப்ரன் பையில் சில்லறையோடு கிடந்த நலோக்சோன்,
மூக்கில் வைத்து ஓர் அழுத்து.
பிறகு என் மூச்சு, ஐந்து நொடிக்கு ஒன்று.
புகையிலை வாசம், அடியில் கொஞ்சம் புதினா.
யாரோ ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லச் சொல்ல
நான்காம் உலர்த்தியில் எவனுடைய ஜீன்ஸ் பொத்தானோ
டக், டக், டக்.
நான் ஊதினால் ஏறியது நெஞ்சு.
ஊதாவிட்டால் இல்லை.
இரண்டாவது ஸ்பிரே.

கண் திறந்தான்.
"இருபது டாலர், வெர்லீன்! இருபது டாலரைப் பாழாக்கிட்டியே!"
என் காலணிமேல் வாந்தி எடுத்தான்.
திட்டினாலும் சரி என்று எழுதியவள் நான்தானே.

"இன்னும் எத்தனை தடவை காப்பாத்துவே?" என்கிறார்
எதிர்க்கடை ஹார்லன்.
பதினொரு வருஷமாக அவருடைய அதே மேசைவிரிப்பைத்
துவைத்துக்கொடுக்கிறேன்.
எத்தனை தடவை சிந்துவீர்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளி இரவு, கடை மூடும் நேரம்,
அதே கழிப்பறையில்
மூடிய கோப்பைமேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பற்பசை காய்ந்து விரிசல் விட்டிருந்தது,
நான்கு துளைகளிலும்.

தட்டும் சத்தம்.
"வெர்லீன். ஏதாவது சொல்லு."

எனக்கு எந்தச் சுரங்கத்தின் பெயரும் வாயில் வரவில்லை.
"குளிர்ந்த தண்ணி," என்றேன்.
"வெள்ளைத் துணி தனியா."

"சரி," என்றான் டுவைட்.

ஐந்து நிமிடம் கழித்து
மறுபடி தட்டினான்.