இருபத்தேழாம் நாள்

பிரிசில்லா சிஸ்டர் விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள்:
கரு தங்கி இருபத்தேழாம் நாள்
தண்டுவடத்தின் கீழ்வாய் மூடியிருக்கும்.
மாத்திரை அதுக்கு முன்னாலேயே போட்டிருக்கணும்.

அவள் தேதி சொன்னாள். எனக்கு நீரோட்டம்தான் தெரியும்:
அமாவாசைக்கு மறுநாள். குருசடைத் தீவுக்குத் தெற்கே
துணி சுற்றிய விரலால்
மரிக்கொழுந்துப் பாசி பிய்த்துக்கொண்டிருந்தேன்.

எள்ளளவுதான் இருந்திருப்பாய்.
தட்டையாய்க் கிடந்த ஏடு
இரு விளிம்பும் எழும்பி, நடுவில் தொட்டு,
மேலே மூளைக்கும் கீழே முதுகுக்குமாய்
தன்னைத்தானே தைத்துக்கொண்டு போய்
அன்றைக்கு ஒரு கண்ணி பாக்கி.

அந்நேரம் பார்த்துச் சொறி அடித்தது.
மணிக்கட்டில் பட்ட நெருப்பு கழுத்தேறியது.
கத்த வாய் திறந்தேன், கடல் புகுந்தது.

சொறிக்கு மூளை கிடையாதாம்.
உடம்பெல்லாம் நரம்பு, தலைமை இல்லாமல்.
அது போதும்போல, என்னைப் பிடிக்க.
உன் நரம்பும் மேல்தோலும்
ஒரே ஏட்டில் பிறந்தவையாம்.
இதெல்லாம் சிஸ்டர் சொன்னது.
தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

ராமநாதபுரத்தில் ஸ்கேன்.
கருப்புத் திரையில் உன் முதுகு,
வெள்ளை மணிகள்.
கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
"நல்லாருக்கு" என்று டாக்டர்
திரையை அணைத்தார்.

நான் அப்போதுதான்
இடுப்புக்கு வந்திருந்தேன்.