கேள்வி எண் பதினான்கு

பாடாங் செராய் முச்சந்தி, சிவப்பு விளக்கு.
செம்பனைக் குலை வெட்டும் நீள அரிவாள்களோடு
மூன்று பேர் சாலையைக் கடந்தார்கள்.
என் விரல் தானாகப் போய்க்
கார்க்கதவைப் பூட்டியது.
க்ளக்.
கடைசியாகப் போனவன் திரும்பிப் பார்த்தான்.
அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

குடியேற்றமும் இனமும்
இருபத்திரண்டு வருடமாக என் பாடம்.
புத்தகங்களைத் தட்டச்சு செய்ததும்
இதே விரல்தான்.

சன்னாசி அண்ணன் ஒட்டுக்கடை.
தே தாரிக் குவளையைத் தள்ளிவைத்துக்
கேள்வித்தாளை விரித்தேன்.
"புதிதாக வந்தவர்களை
அண்டை வீட்டில் குடிவைக்கச் சம்மதமா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்."

"ஒரு வீட்ல பன்னெண்டு பேரும்மா.
கடுகெண்ணெ நாத்தம் தாங்கல.
நாம வெட்டுன குலைய
அரைச் சம்பளத்துக்கு வெட்டுறானுங்க.
ஒண்ணு போடு.
சைபர் இருந்தா அதையே போடு."

நான் கேட்காமலே
அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.
அறுபத்தெட்டு வயதிலும் சிவப்பு.
இதே தோட்டத்தில் பிறந்தவர்;
பிறப்புப் பத்திரம்தான் பிறக்கவில்லை.

ஆவணக் காப்பகத்தில்
ஒரு துரையின் பழைய கடிதத்தை
நகலெடுத்து வைத்திருக்கிறேன்.
ஒரே அறையில் இத்தனை பேர், அந்த நாற்றம்,
அதே வரிகள்.
எண்ணெய் மட்டும் நல்லெண்ணெய்.
அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை.
ஒன்று என்று வட்டமிட்டேன்.

பின்கட்டில் குவளை கழுவிக்கொண்டிருந்தவன்
கையைத் துடைத்தபடி வந்தான். ரபியுல்.
தமிழ் தோட்டத்திலேயே பழகியதாம்.
"அக்கா, நீங்க எப்ப வந்தது?"
"காலையிலதான்."
"பெர்மிட் எத்தன வருசம்?"

அண்ணன் சிரித்த சிரிப்பில்
பாதித் தேத்தண்ணி மேசையில்.
"டேய், அவங்க புரொபசருடா!"
ரபியுல் தங்குவது
அண்ணன் வீட்டுச் சாய்ப்பில்.
வாடகை எவ்வளவு என்றேன்.
"ஊருக்கு அனுப்பினது போக
அவன்கிட்ட என்னா இருக்கு, வாங்குறதுக்கு?"

ஒன்று என்பதை அடிக்கப் பேனாவைத் தூக்கினேன்.
"அது அப்படியே இருக்கட்டும்" என்றார்,
கொஞ்சம் கோபமாகவே.

தாளின் அடியில் ஒரு கட்டம்:
பேட்டி எடுத்தவர் குறிப்பு.
ஒரு வரிக்குத்தான் இடம்.
அதையும் விட்டுவிட்டு எழுந்தேன்.

வாசலுக்குள் மறுபடி ரபியுல்,
ஓடி வந்த மூச்சோடு.
"அக்கா, கார் பூட்டலையே!
கம்ப்யூட்டர் உள்ள இருக்கு.
நான் நின்னு பாத்துக்கிட்டேன்."