இடஞ்சுழி

ஜூன் பிறப்பதற்குள் சரிவை மழித்தாக வேண்டும்.
ஊராட்சி உத்தரவு.
போன கோடையில் சார்டினியாவின் இந்தப் பக்கம்
மூன்று நாள் எரிந்தது.
கார்க் மரங்கள் இன்னும் நிற்கின்றன,
உரிக்க ஆள் வராத கரிச்சட்டையோடு.

நாங்கள் ஐந்து பேர், ஐந்து புல்வெட்டி இயந்திரங்கள்.
மேஸ்திரி பாக்கீசியோ கீழே ஜீப்பில்,
முழங்காலில் வரைபடம், பல்லிடுக்கில் காட்டுச்சோம்பின் தண்டு.

ஏழரை மணிக்கு என் இயந்திரம் இருமியது.
பத்தடி உறுமிப் போய் நின்றது.

கவிழ்த்துப் பார்த்தேன்.
சுழல்தலையைச் சுற்றி ஒரு கொடி.
ஆடு தின்னும், கழுதை மிதிக்கும்,
யாரும் பெயர் கேட்காத கொடி.
இளஞ்சிவப்புப் பூ, தொண்டைக்குள் போகப் போகக்
கறுத்துக்கொண்டே போகிறது.
அடியிலை முழுசு. மேலே ஏற ஏற
கத்தரியில் நறுக்கியதுபோல் விரல் விரலாய்.
ஒரே தண்டுக்கு இரண்டு புத்தி.

பிரித்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் கண்டேன்:
கொடி சுற்றுவது இடஞ்சுழி.
என் இயந்திரமும் இடஞ்சுழிதான்.
இயந்திரம் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று.
கொடிக்கு ஒரு சுற்றுக்கே
ஒரு காலைப்பொழுது வேண்டும்.
ஒரே வேலை. கூலிதான் வேறு.

வலஞ்சுழியாக விரலால் அவிழ்த்தேன்.
சுற்றுக்கொரு பூ வந்தது:
அரைபட்டது, பாதி, முழுசு,
கடைசியில் ஒரு மொட்டு,
முறுக்குக்குள் இன்னும் முறுக்காய்.

"என்ன பொனாரியா, ஆயிற்றா?"
"நூல் அறுந்துவிட்டது," என்றேன்.
பொய்தான்.

காதுறையைக் கழற்றினேன்.
தூரத்தில் நான்கு இயந்திரங்கள்,
பக்கத்தில் ஒரு வண்டு.
வெட்டாத பூவுக்குள் இறங்கி வெளியே வந்தது,
மாவு மில் தொழிலாளி
வேலை முடிந்து வருவதுபோல்.

முதல் மழைக்குப் பிறகு எரிந்த மண்ணில்
முதலில் தலைகாட்டியது இதுதான்.
வேர் கீழே எங்கேயோ கிடந்து
தீயணைப்பு வண்டிகளையும்
நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்ட பழியையும்
கேட்டிருக்கும்.

இரக்கப்பட்டு விட்டுவிட முடியாது.
காய்ந்தால் இதுவும் திரிதான்.
கயிற்றை இழுத்தேன், இரண்டாம் இழுப்பில் பிடித்தது.
மதியம்வரை வெட்டினேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார், அளவுகோலோடு.
நான்கு விரலுக்குமேல் எதுவும் நிற்கக் கூடாது.
குனிந்தார், அளந்தார், கையெழுத்திட்டார்.
அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில்
ஒரு பூ திறந்திருந்தது,
தரையோடு தரையாக,
இரண்டே விரல் உயரம்.

பாக்கீசியோ என்னைப் பார்த்தான்.
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.