இதர வரவு

பிப்ரவரி கடைசி. மஞ்சக்குப்பத்தில்
மின்விசிறி ஓடத் தொடங்கிவிட்டது.
வரவுப் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன்:
சொத்துவரி, பாதிக்குப் பாதி நிலுவை.
பேருந்து நிலையக் கழிப்பிடக் குத்தகை.
மீன் அங்காடி வாடகை, அதில் மூன்று கடை கோர்ட்டில்.
தெருவில் பிடித்த மாடுகளின் அபராதம்.

மீதியெல்லாம் சென்னையிலிருந்து வரவேண்டும்.
'வரவேண்டியது' என்றே ஒரு கட்டம் இருக்கிறது.
எத்தனை சுழியம் போட்டாலும் தாங்கும்.

ஐப்பசியில் கெடிலம் ஏறி வந்து
பதினேழு தெருக்களில் தாரை உரித்துப் போனது.
படம் எடுத்து அனுப்பினோம்.
வந்து பார்த்தார்கள், இலை போட்டோம்.
'சேதம்' என்பதைப் 'பழுது' என்று திருத்தக் கேட்டு
கோப்பு திரும்பி வந்தது.
திருத்தினோம்.
தையில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு;
பழைய ஒப்பந்தக்காரர் பாக்கி போக
ஆறு லோடு ஜல்லி.
ஆறைப் பதினேழால் வகுக்க
உதவிப் பொறியாளர் செண்பகவல்லி
கால்குலேட்டரைத் தேடவில்லை.
பிரசவ ஆஸ்பத்திரி எந்தத் தெருவில் என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை அஞ்சலாட்சி வந்தார்,
சோனாங்குப்பத்திலிருந்து வண்டியில் நண்டு கொண்டுவருபவர்.
இடது முழங்கையில் கட்டு.
கையில் பால் கணக்கு அட்டை, அதன் பின்பக்கத்தில்:
செங்கல் உடைசல் இரண்டு தட்டுவண்டி, எண்ணூறு.
சிமெண்ட் அரை மூட்டை, இருநூற்றுப் பத்து.
கொத்து வேலை தம்பி, கூலி இல்லை.

"குழிய மூடியாச்சு சார். பணம் வாணாம்.
கணக்குல ஏத்திக்குங்க, அவ்ளோதான்."

தலைப்புகளைப் புரட்டினேன்.
நன்கொடை என்றால் மன்றத் தீர்மானம் வேண்டும்.
சாலைப் பராமரிப்பு என்றால்
ஒப்பந்தப்புள்ளி எங்கே, அளவுப் புத்தகம் எங்கே.
தேடியதில் தெரிந்தது,
அந்தக் குழியே எங்கள் பதிவேட்டில் இல்லை.
இல்லாத குழியை மூடியதற்கு
ஒப்புகைச் சீட்டு அச்சடிக்கவில்லை இன்னும்.

அவர் போகவில்லை. மேசையோரம் நின்று
என் கூட்டலைத் தலைகீழாகவே வாசித்தார்.
"தம்பிக்கு ரெண்டு டீ வாங்கிக் குடுத்தேன்,
அதையும் சேத்துக்குங்க."

சேர்த்தேன்.
வரவுப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால்,
ஆயிரத்து முப்பத்து நான்கு.
இந்த வருஷம் கேட்காமல் வந்த தொகை.

அட்டையை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு
நண்டு செத்துடும் என்று இறங்கிப் போனார்.

மாலை நான்கு மணிக்குச் சென்னைக்கான நகல் எடுத்தோம்.
எங்கள் ஜெராக்ஸ் மெஷின் பழசு.
பென்சில் எழுத்து அதில் விழுவதில்லை.